ஓட்டை வழியே போன கம்பி

அந்தப் பட்டறையில் அக்காவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முணுமுணு என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு முணுமுணு அக்கா என்பார்கள். கம்பி சுற்றும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. சுற்றி முடித்ததை வார்னிஷில் முக்குகிறவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த அம்மாள் ஏதோ ஜபம் செய்கிறாள் போலிருக்கிறது என்று எதிரே போய்க் கைகட்டி நின்றார். அக்கா நிமிரவில்லை. எண்ணிக்கையில் முப்பத்தொன்றில் இருந்தாள். நாற்பத்தெட்டு வந்ததும் கம்பியை வெட்டி, முனையை மடக்கிவிட்டு, "என்ன நிக்கிறீங்க, வரம் வேணுமா?" என்று கேட்டாள். அவரே அந்தக் கதையைப் பத்து வருஷமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கே செய்தவை வளைய டிரான்ஸ்பார்மர்கள். இரும்புத் தகட்டை நாடா போல இழுத்து இறுகச் சுருட்டினால், நடுவில் ஓட்டையோடு ஒரு கனத்த வளையம் வரும். கையில் எடுத்தால் ஐந்து கிலோ. அதன் மேல் துணி நாடா சுற்றி இரும்பை மூடிவிடுவார்கள். அப்புறம் எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு, வெளிப்பக்கமாக இழுத்து, மறுபடி ஓட்டைக்குள் விட வேண்டும். கம்பி ஓட்டையை ஒரு முறை கடந்தால் ஒரு சுற்று. முதலில் மெல்லிய கம்பி நானூற்று அறுபது சுற்று. சுவர் மின்சாரம் அதில் ஏறும். அதன் மேல் தடித்த கம்பி நாற்பத்தெட்டு சுற்று, மூன்று இழையாகச் சேர்த்து. அதிலிருந்து இருபத்து நான்கு வோல்ட் இறங்கும். சுற்றுக்கு அரை வோல்ட். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் சரக்கு திரும்பி வரும், ஏனென்றால் வாங்குகிற கம்பெனி மருத்துவமனைக் கட்டில்களைத் தூக்கி இறக்கும் மோட்டார் செய்வது. கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

அந்தத் தடித்த கம்பி அக்காவின் வேலை. மற்றவர்கள் சுற்றுவது நூற்றுப் பத்து வோல்ட் சாமான். அதில் ஒரு சுற்று முன்பின் இருந்தால் யார் கண்ணிலும் படாது. அக்காவின் சாமானில் படும். பதினேழு வயதில் அந்த மேசையில் உட்கார்ந்தாள், பதினாறு வருஷத்தில் அவள் சுற்றிய ஒரு வளையம்கூட எண்ணிக்கைத் தவறால் திரும்பி வந்ததில்லை. வலது ஆள்காட்டி விரலில் கம்பி ஓடி ஓடி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது நூல் தானாக அந்தப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வீட்டிலும் எண்ணுவாள். இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. அக்கா, பஸ் கண்டக்டரான அவள் புருஷன், அம்மா போனபிறகு அவர்களோடே தங்கிவிட்ட தங்கை சின்னவள், மூன்று பேர். சாயங்காலம் படியேறி வரும்போது அக்காவின் உதடு அசைவது வாசலில் நிற்கும் அவள் புருஷனுக்கு, சின்னவளின் மாமாவுக்கு, தெரியும். "இன்னைக்கு எத்தனை?" என்பார். "முப்பத்தெட்டு. நேத்து இருந்தது அப்படியே இருக்கு," என்பாள் அக்கா. "நல்லவேளை, ஒண்ணைக் கழட்டிட்டுப் போயிட்டாங்களோன்னு பயந்தேன்." தினமும் இதேதான். சின்னவளுக்கு அது எரிச்சலாக இருந்த காலம் உண்டு. ஒரே நகைச்சுவையை எத்தனை நாள் கேட்பது.

சின்னவள் இரண்டு பக்கத்து உறவிலும் முதல் பட்டதாரி. பௌதிகம் படித்தாள். படித்து முடித்து ஒன்றரை வருஷம் வீட்டில் உட்கார்ந்தாள். பட்டறையில் பழைய சோதனைக்காரர் வேறு ஊர் போனதும், அக்கா முதலாளியிடம் போய், எங்கள் வீட்டில் ஒரு பட்டதாரி சும்மா இருக்கிறாள், மீட்டர் பார்ப்பாள், பாஸ் ஃபெயில் எழுதுவாள் என்று சொல்லியிருக்கிறாள். முதலாளி சின்னவளைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டு வேலை கொடுத்துவிட்டார். அன்றைக்கு அக்கா பட்டறை முழுக்க ஒவ்வொருவரிடமும் அவளை அழைத்துப்போய்க் காட்டினாள். இவள் என் தங்கை என்று சொல்லவில்லை. இவள் பி.எஸ்சி. என்று சொன்னாள்.

சோதனை மேசை குருவிக்கூடு மாதிரி இருந்தது. மீட்டர் கம்பிகள் சிக்கிக் கிடந்தன. ஒவ்வொரு வளையத்துக்கும் சிக்கல் எடுத்து, முனை தேடி, கிளிப் போட வேண்டும். சின்னவள் இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு ஒரு பலகையில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நேராக நிறுத்தி ஒரு தாங்கி செய்தாள். வளையத்தை மேலிருந்து குழாயில் சொருகினால் அசையாமல் உட்காரும். மீட்டரின் ஒரு கம்பி குழாய்க்குள்ளேயே ஏறி உச்சியில் ஒரு கிளிப்பாக முடியும். இன்னொரு கம்பி பலகையின் ஓரத்தில் ஒரு கிளிப். சொருகு, இரண்டு கிளிப், படி, எடு. முன்பு நான்கு நிமிஷம் ஆன வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. முதலாளி எல்லாரையும் வரச் சொல்லிப் பார்க்கவைத்தார். படித்தவர்கள் கை வைத்தால் இப்படித்தான் இருக்கும் என்றார்.

அக்கா தாங்கியைச் சுற்றி வந்தாள். குனிந்து குழாய்க்குள் பார்த்தாள்.

"மீட்டர் கம்பி ஓட்டைக்குள்ள போகுதே," என்றாள்.

"போனா என்னக்கா?"

"ஓட்டைக்குள்ள போனா அது ஒரு சுத்துதானே?"

யாரோ சிரித்தார்கள். அதற்கு எதுவும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். சின்னவள் விளக்கினாள். வளையத்தில் சுற்றினால் காந்தப்புலம் முழுக்க இரும்புக்குள்ளேயே வட்டமாக ஓடி அடங்கிவிடும், வெளியே கசியாது, ஓட்டைக்குள்ளும் புலம் கிடையாது. புலம் இல்லாத இடத்தில் ஒரு கம்பி எப்படிப் போனால் என்ன. சுற்றினது சுருள், இது வெறுமனே அளக்கிற கம்பி. நிரூபிப்பதற்காக ஒரு பேட்டரியால் சுருளில் மின்சாரம் ஏற்றி, சின்னத் திசைகாட்டி ஒன்றை ஓட்டைக்குள் நீட்டிக் காட்டினாள். முள் அசையவில்லை. பார்த்தவர்கள் தலையாட்டினார்கள்.

அக்கா தலையாட்டவில்லை. "அப்ப நான் சுத்துற கம்பி மட்டும் எங்க இருக்கு?" என்றாள். "அதுவும் இரும்புக்கு வெளியதான இருக்கு? நடுவுல நாடா வேற இருக்கு. உன் காந்தம் வெளியவே வராதுன்னா அந்தக் கம்பிக்கு மட்டும் யாரு போய் அரை வோல்ட் குடுக்கிறது?"

சின்னவளுக்கு அந்தக் கணத்தில் காலடியில் ஏதோ லேசாக நழுவியது. கல்லூரியில் யாரும் இதை இப்படிக் கேட்டதில்லை. சுற்றுக்குள் அடங்கிய காந்தப்பாய்வு மாறினால் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது விதி. பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் இரும்புக்குள் நடப்பது, இரும்பைத் தொடாமல், புலமே இல்லாத இடத்தில் கிடக்கும் கம்பிக்கு எப்படித் தெரிகிறது? இறுதியாண்டுத் தேர்வில் காந்த வெக்டர் பொட்டன்ஷியலின் பௌதிகப் பொருள் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. பௌதிகப் பொருள் எதுவும் இல்லை, புலத்தைக் கணக்கிடச் சௌகரியமான கணிதக் கருவி மட்டுமே என்று இரண்டு வரி எழுதினாள். ஆசிரியர் குறிப்பெடுக்கச் சொன்ன அதே இரண்டு வரி. முழு மதிப்பெண் கிடைத்தது.

"அது தியரி அக்கா. உனக்குச் சொன்னா புரியாது," என்றாள்.

அக்கா சரி என்று தன் மேசைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கட்டில் கம்பெனிக்கு நாற்பது வளையங்கள் தயாராகின. அக்கா சுற்றியவை. சின்னவள் முதல் வளையத்தைத் தாங்கியில் சொருகினாள். இருபத்து நான்கரை. இரண்டாவது, இருபத்து நான்கரை. நாற்பதும் அப்படியே. மற்றவர்களின் நூற்றுப் பத்து வோல்ட் சாமான் எல்லாம் அதே தாங்கியில் பாஸாகிக்கொண்டிருந்தது. அவற்றில் அரை வோல்ட் கூடுதல் ஒரு பொருட்டில்லை. ஆகவே தவறு தாங்கியில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சின்னவள் எழுதினாள்: ஃபெயில், ஒரு சுற்று கூடுதல்.

முதலாளி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அக்காவை அவர் அதட்டவில்லை. பதினாறு வருஷ ஆள். எப்படி ஆனது என்று மட்டும் கேட்டார்.

"நாப்பதுலயும் ஒரே தப்பை நான் பண்ணினேனா?" என்றாள் அக்கா. கேட்டது முதலாளியிடம் இல்லை.

சின்னவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். இதற்கு முறைப்பிழை என்று பேர். கவனக்குறைவு என்றால் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். எல்லாவற்றிலும் ஒரே அளவு கூடினால் முறையில் கோளாறு. ஒருவேளை முதல் தடவை ஓட்டைக்குள் விடுவதை எண்ணாமல் இரண்டாவதிலிருந்து ஒன்று சொல்லத் தொடங்கியிருக்கலாம், பழக்கம் மாறியிருக்கலாம். இதைச் சொன்னபோது அக்காவைக் காப்பாற்றுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். கவனமில்லாதவள் என்று ஆகாமல் பார்த்துக்கொண்டோம் என்று மனதுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்கு உடம்பு கூசும்.

ஒன்றைப் பிரித்து எண்ணிப் பார்க்கலாமே என்றாள் அக்கா. பிரித்தால் கம்பியில் எனாமல் கீறும், மறுபடி சுற்ற உதவாது என்று முதலாளி யோசித்தார். சின்னவளைப் பார்த்தார். மீட்டர் தெளிவாகச் சொல்கிறது, தேவையில்லை என்றாள் அவள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அக்கா போகவில்லை. தானே ஒரு வளையத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்து பிரித்திருக்கிறாள். மூன்று இழையும் ஒன்றாக ஓட்டையை விட்டு வர வர எண்ணி, கை கழுவிக்கொண்டிருந்த சின்னவளிடம் வந்து நின்றாள்.

"நாப்பத்தெட்டுதான் இருக்கு."

"யாரு எண்ணினா?"

"நான்தான்."

"நீ எண்ணினதுதானே? சுத்தும்போது பண்ணின தப்பையே பிரிக்கும்போதும் பண்ணியிருப்ப."

 அக்கா பிரித்த கம்பியை அள்ளிக் கழிவுக் கூடையில் போட்டாள். அங்கே இன்னொரு ஆள் இருந்திருந்தால், வார்னிஷ்காரரே இருந்திருந்தால்கூட, சாட்சி சொல்லியிருப்பார். சின்னவள் ஈரக்கையோடு நின்றாள். கூடையிலிருந்து எடுத்து வளைவுகளைத் தடவி எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. சாப்பாட்டு நேரம் முடிய இருபது நிமிஷம் பாக்கி இருந்தது.

மிச்சமிருந்த முப்பத்தொன்பதிலும் ஒரு சுற்றைக் கழற்ற முதலாளி உத்தரவிட்டார். பிரித்த வளையத்தில் புதுக்கம்பியை நாற்பத்தேழே சுற்று சுற்றச் சொன்னார். அக்காதான் செய்தாள். நாடாவைக் கீறி, கடைசிச் சுற்றை ஓட்டையிலிருந்து வெளியே இழுத்து, வெட்டி, மறுபடி நாடா ஒட்டி, இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் உதடு அசையவில்லை என்பதைப் பட்டறையே கவனித்தது. என்ன முணுமுணு, ஜபத்தை விட்டுட்டீங்களா என்று வார்னிஷ்காரர் கேட்டதற்கு, "ஒண்ணை எண்ண உதடு எதுக்கு?" என்றாளாம். தாங்கியில் ஏற்றியபோது நாற்பதும் சுத்தமாக இருபத்து நான்கு காட்டின. பாஸ் என்று எழுதி வார்னிஷுக்கும் பிறகு லாரிக்கும் அனுப்பினார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அக்காவின் மேசையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஒன்பது நாள் பெட்டி மடித்தாள். பத்தாம் நாள் காலையில் சின்னவள் கிளம்பியபோது, நீ போ, நான் வரலை என்று சொல்லிவிட்டாள். அந்த மாதமே மருத்துவமனைச் சலவைக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். பெரிய பெரிய எந்திரங்கள், ஆவி, படுக்கைவிரிப்புகளை எந்திரமே எண்ணிக் கட்டாக்கித் தள்ளும். ஆள் மடித்துக் கொடுத்தால் போதும்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அக்கா முன்போலவே தட்டு வைத்தாள், துணி எடுத்து வைத்தாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் சாயங்காலம் மாமா வாசலில் நின்று வழக்கம்போல, "இன்னைக்கு எத்தனை?" என்றார். அக்கா கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். "பாக்கலை," என்றாள். மாமா சிரிக்கத் தயாராக வைத்திருந்த முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல், குடையை எடுத்து விரித்து மறுபடி மடக்கினார். அதற்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

ஐந்தாவது வாரம் லாரி திரும்பி வந்தது. நாற்பதும். கூடவே ஒரு கடிதம்: எல்லா வளையங்களும் இருபத்து மூன்றரை வோல்ட் காட்டுகின்றன, ஏற்க இயலாது.

முதலாளி கடிதத்தைச் சோதனை மேசையில் போட்டுவிட்டு, பார்த்துச் சொல் என்று போனார். சின்னவள் ஒன்றைத் தாங்கியில் சொருகினாள். இருபத்து நான்கு. அவர்கள் மீட்டர்தான் கெட்டிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். பத்து வளையம் பார்த்தாள், எல்லாம் இருபத்து நான்கு. பதினோராவதைத் தூக்கிச் சொருகக் கை வலித்தது. மேசையிலேயே படுக்கப்போட்டு, தாங்கியின் கம்பிகளை விட்டுவிட்டுப் பழைய மீட்டர் கம்பிகளை எடுத்து மாட்டினாள்.

இருபத்து மூன்றரை.

தாங்கியில் வைத்தாள், இருபத்து நான்கு. இறக்கினாள், இருபத்து மூன்றரை. தாங்கியில் வைத்து இரண்டு கிளிப்பையும் இடம் மாற்றிப் போட்டாள். இது மாறுமின்சாரம், கிளிப்பை இடம் மாற்றினால் மீட்டர் காட்டுவது மாறக் கூடாது. இருபத்து மூன்று என்றது மீட்டர்.  பழைய மீட்டர் கம்பியை எடுத்து, கிளிப்பைப் போடுவதற்கு முன் ஓட்டை வழியே ஒரு முறை விட்டு எடுத்தாள். அரை வோல்ட் கூடியது. இரண்டு முறை விட்டாள். ஒரு வோல்ட் கூடியது. கம்பி எதையும் தொடவில்லை. திசைகாட்டி முள்ளை அசைக்கவும் முடியாத அந்த ஓட்டையில், கம்பி வெறுமனே அதன் வழியே போனது, அவ்வளவுதான்.

ஓட்டைக்குள்ள போனா அது ஒரு சுத்துதானே.

சுருளாக இருக்கிறோமா, அளக்கிற கம்பியாக இருக்கிறோமா என்று கம்பிக்கு எப்படித் தெரியும்? இந்த எளிய கேள்வியை அவள் கேட்டதே இல்லை. அக்காவின் கேள்வியும் இன்னும் அங்கேயே நின்றது: புலம் இல்லாத இடத்தில் கம்பிக்கு யார் கொடுக்கிறார்கள். இரண்டு வரியில் பௌதிகப் பொருள் இல்லை என்று எழுதிவிட்டு வந்ததுதான் அங்கே இருந்தது. காந்தப்புலம் இரும்போடு நின்றுவிட்டாலும் வெக்டர் பொட்டன்ஷியல் நிற்பதில்லை. ஓட்டைக்குள் நெருக்கமாக மேல் நோக்கி ஏறுகிறது, வெளியே பரந்து விரிந்து கீழே இறங்குகிறது, கம்பி போகிற அதே வழியில். அது மாறாமல் இருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. மாறும்போது, கம்பி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே அதனுள் இருக்கும் மின்னூட்டத்தைத் தள்ளுகிறது. ஒரு முறை வளையத்தைச் சுற்றி வந்தால் அத்தனை சிறு தள்ளல்களும் சேர்ந்து அரை வோல்ட்.

மாமா தன் வேலையைப் பற்றிச் சொல்லும் ஒரு விஷயம் அப்போது நினைவுக்கு வந்தது. பஸ் ஒரே சீராக ஓடும்போது நிற்கிறவர்களுக்கு வேகமே தெரியாது, வீட்டில் நிற்பதுபோல் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக நிற்பார்கள். டிரைவர் பிரேக்கை அழுத்தினால் மொத்தப் பேரும் முன்னால் சாய்வார்கள், என்னை ஏன் தள்ளுகிறாய் என்று ஒருவரையொருவர் திட்டுவார்கள். யாரும் யாரையும் தள்ளியிருக்க மாட்டார்கள். அவரவருக்குள் முன்பே இருந்த உந்தம்தான் அது. அப்படி ஓர் உந்தத்தைப் புலமே இல்லாத இடத்தில் இருக்கும் மின்னூட்டமும் தன்னிடம் வைத்திருக்கிறது. அந்த உந்தத்தின் பேர்தான், அவள் இரண்டு வரியில் பொருளில்லை என்று தள்ளிவிட்ட அந்த வெக்டர் பொட்டன்ஷியல். அவள் படித்ததிலேயே அழகான விஷயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்ற நாளாக இருந்தால் துள்ளியிருப்பாள்.

கதவைச் சாத்திக்கொண்டு, திரும்பி வந்த வளையம் ஒன்றைத் தரையில் வைத்துப் பிரித்தாள். வார்னிஷ் காய்ந்து இறுகியிருந்தது, விரல் கிழிந்தது. இரண்டு முறை எண்ணிக்கை தவறி, கம்பியில் மையால் புள்ளி வைத்துக்கொண்டு மூன்றாம் முறை எண்ணினாள். நாற்பத்தேழு. கழற்றச் சொன்ன ஒன்றைச் சேர்த்தால் நாற்பத்தெட்டு. அவள் தன் வாழ்நாளில் கையால் எண்ணிய முதல் சுருள் அதுதான்.

ஒரு முழுப் பக்கம் எழுதினாள். தவறு தாங்கியில், தாங்கி செய்தது நான், சுற்றியவர் எண்ணிக்கை ஆரம்பத்திலிருந்தே சரி, அவர் இதை முன்கூட்டியே சொன்னார் என்று படம் போட்டு எழுதி முதலாளியிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம்.

"இதுல பாதி எனக்குப் புரியலைம்மா," என்றார். "புரிஞ்ச பாதி எனக்கு வேண்டாம்."

கம்பெனிக்கு அவர் காலையிலேயே பதில் அனுப்பிவிட்டிருந்தார். சுற்றியவரின் தவறு, அந்த ஆளை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்று. இப்போது சோதனையே தவறு என்றால் போன வருஷத்துச் சரக்கையும் சந்தேகப்படுவார்கள். அக்காவைத் திரும்பக் கூப்பிடலாமே என்று அவள் கேட்டாள். "உங்க அக்காவை நான் அனுப்பலையே. அவளாத்தான போனா," என்றார் முதலாளி. அதுவும் உண்மைதான். புதுப் பெண் பழகிவிட்டாள், அவளை எங்கே தூக்கிப்போடுவது. தாங்கியை உடைத்துப்போடு, இனிமேல் இப்படி நடக்காமல் ஒரு வரி எழுதிக் கொடு, மேசைக்கு மேலே மாட்டலாம் என்றார். பக்கத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். இழுப்பறை பாதியில் மாட்டிக்கொண்டது. முழங்காலால் தள்ளி மூடினார்.

அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அது கண்ணாடித் தாள் ஒட்டிய அட்டையாகச் சுவரில் தொங்கியது: சோதனையின்போது மீட்டர் கம்பி வளையத்தின் ஓட்டை வழியே செல்லக் கூடாது. கீழே அவள் பேர், பேருக்குப் பக்கத்தில் பட்டம். கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தால் நன்றாயிருக்கும் என்று முதலாளி சேர்த்தது. அன்று மத்தியானம் புதுப் பெண் வந்து அட்டையைப் படித்துவிட்டு, இதை நீங்களே கண்டுபிடிச்சீங்களா, படிச்சவங்க படிச்சவங்கதான் என்றாள். கேலி இல்லை. மனதாரச் சொன்னாள். சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண்ணை யாரோ கூப்பிட்டார்கள், அவள் போய்விட்டாள். போகட்டும் என்று ஒரு நொடி இவளுக்கும் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டில் அக்கா தரையில் உட்கார்ந்து முழங்கைக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்து ஆவி பட்டு அங்கே தோல் சிவந்து கிடந்தது. மாமா வேலையிலிருந்து வரவில்லை. சின்னவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், கிளிப், இருபத்து மூன்றரை, ஓட்டைக்குள் நிற்பது, பஸ், பிரேக். சொல்லச் சொல்லப் பேச்சு வேகமாகிக்கொண்டே போனது. நீ கேட்டதுதான் சரியான கேள்வி அக்கா, எனக்குப் பாடம் எடுத்தவர்களே அதைக் கேட்கவில்லை என்றாள்.

அக்கா களிம்பு மூடியைத் திருகினாள்.

"பிரிச்சு எண்ணினியா?"

"எண்ணினேன். நாப்பத்தேழு. கழட்டினது ஒண்ணு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி. வார்னிஷ் இருந்துது."

"அன்னைக்கு வார்னிஷ் இல்ல," என்றாள் அக்கா. "கூடையிலயே கிடந்துது. ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்."

 வெளியே யாரோ படியேறி, மூன்றாம் மாடிக்குப் போனார்கள். அப்புறம் அவள், நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது. சொன்னபோது ஒத்திகை பார்த்தது மாதிரியே ஒலித்தது.

"நீ விட்டா என் மேசை வந்துடுமா? ரெண்டு பேருமா உக்காந்து பெட்டி மடிக்கணுமா?" என்றாள் அக்கா. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "போர்டு மாட்டினாங்கன்னியே. என்ன எழுதியிருக்கு?"

சின்னவள் அந்த வரியைச் சொன்னாள்.

"கீழ யார் பேரு?"

"என் பேரு."

அக்கா விரலில் மிச்சமிருந்த களிம்பை, அந்தக் கம்பிப் பள்ளத்தில் இருந்ததை, மற்றக் கையால் வழித்து எடுத்தாள்.

"நல்லா எழுதியிருப்ப," என்றாள். "உனக்கு எழுத்துப் பிழையே வராதே."

எழுந்து விளக்கைப் போடப் போனாள். சின்னவள் அவள் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அது அசையவில்லை. சுவிட்ச் வரை ஆறு காலடி. இவள்தான் எண்ணினாள்.